அச்சிக்கல்லும் கிளிஞ்சல் சுண்ணாம்பும்: புதுச்சேரியில் ஒரு பழைய வீட்டைப் பழுதுபார்த்த அனுபவம்

எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில், தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்கு, ஒவ்வொரு மழைக்காலமும் முடிந்த கையோடு உப்பு பூக்கும். விரல் பட்டால் மாவு மாதிரி உதிரும். காலையில் அத்தை கூடம் பெருக்கும்போது சுவரோரமாக ஒரு பிடி வெள்ளைப் பொடி சேர்ந்துவிடும். "வீடு கரைஞ்சுகிட்டே வருதுடி" என்பார். வீட்டுக்கு வயசாகிவிட்டது, அதனால்தான் இப்படி என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். 1990-களில் அப்பா ஆசையாகப் பூசவைத்த சிமெண்ட் பூச்சுதான் அந்த உப்புக்குக் காரணம் என்று எனக்குப் புரிந்தபோது எனக்கு நாற்பத்தாறு வயது.

வீடு புதுச்சேரியில், பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதியில், வைசியாள் வீதிக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் மஞ்சள் சுவர், காகிதப்பூக் கொடி என்று படமெடுப்பதெல்லாம் வாய்க்காலுக்குக் கிழக்கே, கடற்கரைப் பக்கம். அங்கே வீடுகள் உயர்ந்த மதிலுக்கும் பெரிய கேட்டுக்கும் பின்னால் ஒதுங்கியிருக்கும். எங்கள் பக்கத்து வீடுகள் தெருவைப் பார்த்து உட்கார்ந்திருக்கும். தெருவோரமாக மரத்தூண்கள் தாங்கிய ஓட்டுச் சாய்ப்பு, அதுதான் தாழ்வாரம். வெயிலுக்கோ மழைக்கோ யார் வேண்டுமானாலும் ஒதுங்கலாம். அதைத் தாண்டி, கதவுக்கு இரு பக்கமும் திண்ணை. அது வீட்டுக்குத் தெரிந்தவர்களுக்கு. நிலைவாசலைத் தாண்டினால் நடை, அப்புறம் முற்றம், முற்றத்தைச் சுற்றிக் கூடம், பின்னால் சமையற்கட்டு, கிணறு, கொல்லை. ஒரு வீட்டின் தாழ்வாரம் முடியும் இடத்தில் அடுத்த வீட்டுத் தாழ்வாரம் தொடங்கும். என் சின்ன வயதில் தெருவின் இந்த முனையில் சாய்ப்புக்குள் நுழைந்தால் அந்த முனை வரை நனையாமல் போகலாம்.

மாடி வேறு மாதிரி. கீழே அச்சு அசலாகத் தமிழ் வீடு. மேலே வளைவு ஜன்னல்கள், சுவரோடு ஒட்டிய சுதைத் தூண்கள், மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் சிறு உருளைக் கால்கள் என்று பிரெஞ்சு முகம். இந்தக் கலப்பு எங்கள் ஊரில் புதிதல்ல. ரங்கப்பிள்ளை வீதியில் உள்ள ஆனந்தரங்கப்பிள்ளை வீடு 18-ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே கீழே மரத்தூண், மேலே சுதைத்தூண் என்று கட்டப்பட்டது. 1761-ல் ஆங்கிலேயர்கள் ஊரைப் பிடித்துத் தரைமட்டமாக்கியதையும் தாண்டி நின்ற வீடு அது. ஊர் பிரெஞ்சுக்காரர்களுக்கும் ஆங்கிலேயர்களுக்கும் இடையே கைமாறிக் கைமாறி, 1816-ல்தான் உறுதியாகப் பிரெஞ்சுக்காரர்களிடம் திரும்பியது. அதற்குப் பிறகு வந்த அமைதியான காலத்தில் வியாபாரிகளும் துரைத்தன உத்தியோகஸ்தர்களும் கட்டிய வீடுகள்தான் இன்று தமிழர் பகுதியில் மிஞ்சியிருப்பவற்றில் பெரும்பான்மை. தெருக்கள் அதற்கும் மூத்தவை. 1693 முதல் 1699 வரை ஊர் டச்சுக்காரர்கள் கையில் இருந்தபோது போட்ட கட்டம்கட்டமான திட்டத்தை ஒட்டியே இன்றும் நடக்கிறோம்.

எங்கள் பத்திரம் 1887-ல் பிரெஞ்சில் எழுதியது. கொள்ளுத்தாத்தாவின் அப்பா கட்டிய வீடு. அதில் இப்போது பங்கு உள்ளவர்கள் ஐந்து பேர். பெரியப்பா பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர், 1962-க்குப் பிறகு பிரெஞ்சுக் குடியுரிமையையே வைத்துக்கொண்டார். அவர் பிள்ளைகள் இரண்டு பேரும் அங்கேதான். இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமில்லை. எங்கள் தெருவில் பூட்டிக் கிடக்கும் வீடுகளில் பாதிக்கு மேல் இதே கதைதான். ஒருவருக்கு விற்க வேண்டும், ஒருவருக்கு வைத்துக்கொள்ள வேண்டும், ஒருவர் கடிதத்துக்குப் பதிலே போடுவதில்லை. அதற்குள் மாடி ஒழுகி, உத்தரம் இற்று, ஒரு ஐப்பசி மழையில் இடிந்து விழுகிறது. அதனால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன்: சுண்ணாம்பு வாங்குவதற்கு முன்னால் காகிதம். பழுதுபார்க்கிற செலவை யார் போடுகிறார்கள், பின்னால் பங்கு பிரிக்கும்போது அது எப்படிக் கழியும், யாருக்குக் கையெழுத்து அதிகாரம் என்று ஒரே ஒரு ஒப்பந்தம் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். அதற்கு மட்டும் பதினான்கு மாதம் ஆனது. பாரிஸ் அண்ணன் கடைசி வரை, "இடிச்சிட்டு அபார்ட்மெண்ட் கட்டினா ஆளுக்கொரு வீடு கிடைக்குமேம்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. நான் அவரிடம் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: அத்தை இருக்கிற வரைக்கும் பொறுங்கள்.

முதலில் வந்த இன்ஜினியர் ஒரு மணி நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு, மாடியை எடுத்துவிட்டுக் கான்கிரீட் தளம் போடலாம், சுவருக்குக் கெமிக்கல் அடித்துச் சிமெண்ட் பூசிவிடலாம் என்று சொன்னார். கேட்க நிம்மதியாகவே இருந்தது. மூன்று மாதத்தில் முடியும் வேலை. அட்வான்ஸ் கொடுக்கிற நிலைக்கு வந்துவிட்டேன். என்னைத் தடுத்தது 2014 நவம்பர் 29. அன்றைக்குக் கொட்டிய மழையில் கடற்கரைச் சாலையில் இருந்த மேரி கட்டடம், 19-ஆம் நூற்றாண்டில் கட்டிய பழைய நகராட்சி மாளிகை, அப்படியே சரிந்து விழுந்தது. மறுநாள் போய்ப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த நாளிலிருந்து வெள்ளைவெளேரென்று நின்ற கட்டடம் செங்கல் மேடாகக் கிடந்தது. பிறகு அதே தோற்றத்தில் மறுபடி கட்டி 2021-ல் திறந்தார்கள், அது ஊருக்கு நல்லதுதான். ஆனால் அன்றைக்கு அந்தச் செங்கல் மேட்டின் முன்னால் நின்றபோது, எங்கள் வீட்டின் மேல் என்ன இருக்கிறது, சுவருக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவே தெரியாது என்பது உறைத்தது. தெரியாமல் எதையும் பிரிக்கக்கூடாது என்று முடிவெடுத்தேன்.

ஆகவே ஒரு மழைக்காலம் முழுக்க வேலையே செய்யவில்லை, பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன். பழைய வீடு கையில் வந்த எல்லோருக்கும் நான் சொல்வது இதைத்தான். எங்கே ஈரம் தெரிகிறதோ அதன் ஓரத்தைச் சாக்பீஸால் கோடு போட்டுத் தேதி எழுதிவைத்தேன். ஐப்பசியில் போட்ட கோட்டைக் கார்த்திகையில் ஈரம் தாண்டியிருக்கும். மார்கழி முடியும்போது எந்த ஈரம் மேலிருந்து வருகிறது, எது கீழிருந்து ஏறுகிறது என்று சுவரே சொல்லிவிட்டது. மூன்று இடம் மேலிருந்து. கைப்பிடிச் சுவர் விரிசலில் ஓர் அரசங்கன்று வேர்விட்டிருந்தது. மழைநீர்க் குழாய் ஒன்று பாதி வழியில் உடைந்து சுவருக்குள்ளேயே ஊற்றிக்கொண்டிருந்தது. முற்றத்துத் தண்ணீர் வெளியேறும் தூம்பு அடைத்திருந்தது, ஏனென்றால் தெருவில் தார் மேல் தார் போட்டுச் சாலை உயர்ந்துபோய்விட்டது. நாலு படி ஏறிப் போன தாழ்வாரத்துக்கு இப்போது இரண்டே படி. அரசங்கன்றைப் பிடுங்கிவிடாதீர்கள். பிடுங்கினால் மேலே தண்டு வரும், உள்ளே வேர் இருக்கும், செங்கல்லும் பெயரும். தண்டை வெட்டி, வேரைச் சாகவைத்து, காய்ந்த பிறகுதான் விரிசலை அடைக்க வேண்டும்.

கூடத்து உப்பு மட்டும் கீழிருந்து. இதைப் புரியவைத்தவர் மேஸ்திரி. எழுபது வயதை நெருங்குகிறவர், வானூர் பக்கம். சுண்ணாம்பு வேலை தெரிந்தவர் வேண்டும் என்று நாலு பேரிடம் விசாரித்து அவரைப் பிடித்தேன். வந்தவர் பேசாமல் சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார், சின்ன உளியால் சிமெண்ட் பூச்சை ஒரு உள்ளங்கை அகலத்துக்குப் பெயர்த்தார். பூச்சு ஓடு மாதிரி தனியாக வந்தது. உள்ளே செங்கல்லின் முகம் ஈரமாக, மிருதுவாக, நகத்தால் கீறினால் வருகிற மாதிரி இருந்தது. "பாத்தீங்களாம்மா, மூச்சு விட வழியில்ல அதுக்கு" என்றார்.

இந்தச் சுவர்களுக்கு அடியில் ஈரத்தைத் தடுக்கும் பட்டை எதுவும் கிடையாது. நிலத்து ஈரம் செங்கல் வழியாக மேலே ஏறத்தான் செய்யும். சுண்ணாம்புப் பூச்சு இருந்தவரை அந்த ஈரம் தரையோரமாகவே காற்றில் ஆவியாகிப் போய்க்கொண்டிருந்தது. சிமெண்ட் அந்த வாசலை அடைத்துவிட்டது. வெளியே போக முடியாத ஈரம் இன்னும் மேலே ஏறுகிறது, வழியில் உப்பைச் செங்கல்லுக்குள்ளேயே படியவிடுகிறது, உப்பு காய்ந்து பருக்கும்போது செங்கல் உதிர்கிறது. அதன் மேல் அப்பா அடித்த பிளாஸ்டிக் பெயிண்ட் இன்னொரு அடைப்பு. கடலுக்கு இவ்வளவு அருகில் இருக்கிற ஊரில் உப்புக்குக் குறைச்சல் கேட்கவா வேண்டும்? அப்பாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அன்றைக்குக் கெட்டியான, நவீனமான பொருள் என்றால் சிமெண்ட்தான் என்று ஊரே நம்பியது. அவரும் வீட்டின் மேல் இருந்த அக்கறையில்தான் செய்தார்.

சிமெண்டை உளியால் கையாலேயே எடுத்தோம். மெஷின் வைத்தால் செங்கல்லும் சேர்ந்து போய்விடும். எடுத்த பிறகு ஒரு கோடை முழுவதும் சுவரைப் பூசாமல் விட்டோம். கூடம் பார்க்கச் சகிக்காது. வருகிறவர்கள் எல்லாம், "என்ன, பணம் தீந்துபோச்சா?" என்று அத்தையைக் கேட்டார்கள். வாரம் ஒருமுறை வெளியே வந்த உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி, முறத்தில் ஏந்தி வெளியே கொட்டினோம். தண்ணீர் விட்டுக் கழுவக்கூடாது, கழுவினால் உப்பு மறுபடி கரைந்து உள்ளே போய்விடும்.

மாடிதான் பெரிய வேலை. மெட்ராஸ் ஒட்டு என்று சொல்கிற தளம். சுவருக்குச் சுவர் தேக்கு உத்தரங்கள், அவற்றின் மேல் குறுக்குச் சட்டங்கள், அதன் மேல் அச்சிக்கல் என்கிற மெல்லிய சின்னச் செங்கல்லைச் செங்குத்தாக நிறுத்தி, கோணல் வாட்டத்தில் சுண்ணாம்புக் காரையால் ஒட்டிக்கொண்டே போவார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, மரக்கட்டையால் நாள் கணக்கில் தட்டி இறுக்குவார்கள். எல்லாவற்றுக்கும் மேலே தட்டோடு. கீழே படுத்து அண்ணாந்து பார்த்தால் அச்சிக்கல் வரிசை பாய் பின்னல் மாதிரி தெரியும். எத்தனையோ மத்தியானம் அதைப் பார்த்துக்கொண்டே தூங்கியிருக்கிறேன்.

எங்கள் தளத்தின் மேல் முப்பது வருடமாக ஒழுகுகிறது ஒழுகுகிறது என்று ஒன்றின் மேல் ஒன்றாகச் சிமெண்ட் கான்கிரீட், தார், மறுபடி சிமெண்ட், கூலிங் டைல்ஸ் என்று போட்டிருந்தோம். பிரித்தபோது மேல்பூச்சு மட்டும் ஒரு சாண் கனம். அந்தப் பாரத்தை முழுக்க 19-ஆம் நூற்றாண்டு உத்தரங்கள் சுமந்துகொண்டிருந்தன. உத்தரத்தைச் சோதிப்பது எப்படி என்று மேஸ்திரி காட்டிக்கொடுத்தார். நடுவில் தட்டிப் பார்த்துப் பயனில்லை, நடுவில் எல்லாமே இரும்பு மாதிரிதான் இருக்கும். சுவருக்குள் போகிற முனையில்தான் ஈரம் தங்கும், கரையானும் அங்கேதான் வரும். முனையில் ஸ்குரூடிரைவரை வைத்து அழுத்தச் சொன்னார். கூடத்தில் பதினோரு உத்தரம். எட்டில் முனை உள்ளே போகவே இல்லை. இரண்டில் அரை அங்குலம் போனது. கிணற்றுப் பக்கத்துக் கடைசி உத்தரத்தில் கைப்பிடி வரை போய்விட்டது. அதற்கு நேர் கீழேதான் அத்தை கட்டில் போட்டுப் படுத்திருந்தார்.

ஆக, பதினொன்றில் மூன்றுக்குத்தான் வைத்தியம் தேவைப்பட்டது. முழுத் தளத்தையும் எடுத்துவிட்டுக் கான்கிரீட் போடச் சொன்ன யோசனையை நான் கேட்டிருந்தால் எட்டு நல்ல தேக்கு உத்தரங்களை விறகுத் தொட்டிக்கு அனுப்பியிருப்பேன். பழைய மரக்கடையில் அதே கனத்தில் ஒரு தேக்கு உத்தரம் கிடைத்தது. இடிக்கப்பட்ட வேறு ஏதோ ஒரு வீட்டினுடையது. மற்ற இரண்டுக்கும் இற்ற முனையை மட்டும் அறுத்துப் புது மரம் பொருத்தினோம். முட்டுக்கொடுத்த பிறகுதான் எதையும் அறுக்க வேண்டும், ஒரு நேரத்தில் ஒன்றுதான். முனையைச் சுவருக்குள் வைக்கும்போது சுற்றிலும் காரை போட்டு இறுக்காமல் விரல் அளவு காற்றோட்டம் விடச் சொல்லுங்கள். இதைச் சொல்லாவிட்டால் இன்றைய ஆட்கள் சிமெண்ட் வைத்து அடைத்துவிடுவார்கள்.

சுண்ணாம்பு பற்றிச் சொல்லாமல் முடியாது. கிளிஞ்சல் சுண்ணாம்பை வாங்கித் தொட்டியில் நீர் ஊற்றியபோது அது கொதித்த கொதிப்பைப் பார்த்து அத்தை, "பொங்கல் பானை மாதிரி இருக்கு" என்றார். குழந்தைகளைக் கிட்டே விடாதீர்கள், கண்ணில் தெறித்தால் ஆபத்து. நீற்றிய சுண்ணாம்பைச் சலித்து, மேலே தண்ணீர் நிற்க மூடிவைத்து, வாரக்கணக்கில் ஊறவிட்டோம். இன்னொரு தொட்டியில் இடித்த கடுக்காயும் வெல்லமும் பத்துப் பன்னிரண்டு நாள் ஊறியது. அந்தப் புளித்த வாசனை தெருமுனை வரை வந்தது. மேஸ்திரி காரையைக் குழைத்துக் கரண்டியில் எடுத்துத் தலைகீழாகப் பிடிப்பார். விழாமல் ஒட்டி நின்றால்தான் சுவருக்குப் போகும். ஒரு நாளைக்கு மெல்லிசாக ஒரு பூச்சுதான் பூசினார். இரண்டாம் பூச்சுக்கு முன் முதல் பூச்சு இறுக வேண்டும், ஆனால் காய்ந்து வெடிக்கக்கூடாது. அதனால் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டுத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தோம். கடைசிப் பூச்சை மழுங்கல் கல்லால் தேய்த்துத் தேய்த்து ஏற்றியபோது சுவர் முட்டை ஓடு மாதிரி ஆனது. அதன் மேல் பெயிண்ட் இல்லை, வெறும் சுண்ணாம்பு வெள்ளைதான்.

செலவைக் கேட்பீர்கள். பொருள் மலிவு, கூலியும் காலமும்தான் அதிகம். எங்கள் செலவில் முக்கால் பங்கு கூலிக்கே போனது. மூன்று மாத வேலை இரண்டரை வருடம் ஆனது. அந்த நேரத்துக்கு வாடகை வீடு, சாமான் வைக்க இடம் என்று கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் சேர்க்கவில்லை, நடுவில் நகையை அடகு வைக்க வேண்டிவந்தது. யோசனைக்கு ஆளில்லை என்று புதுச்சேரியில் சொல்ல முடியாது. பழைய கட்டடங்களைப் பாதுகாக்கிற இன்டாக் அமைப்பு 1984 முதல் இங்கே வேலை செய்கிறது. வைசியாள் வீதியில் வரிசையாகப் பல வீட்டு முகப்புகளை ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தில் மீட்டெடுத்தார்கள். இத்தாலியின் உர்பினோ நகரமும் பிரான்சின் வில்நெவ் சுர் லோட் நகரமும் அதில் கூட்டு. 2008-ல் அந்த வீதிக்கு யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதும் கிடைத்தது. ஒரு சாயங்காலம் அந்த வீதியில் தாழ்வாரம் தாழ்வாரமாக நடந்து பாருங்கள். உங்கள் வீட்டுக்கு என்ன செய்ய வேண்டும் என்பது அங்கே கண்ணால் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

இன்னும் இரண்டு விஷயம். வேலை தொடங்கியதுமே கதவு வாங்குகிறவர்கள் வருவார்கள். எங்கள் நிலைக்கதவுக்கு ஒருவர் சொன்ன விலையில் கொல்லைப்புறம் முழுவதையும் முடித்திருக்கலாம். எதையும் கழற்றும் முன்னால் படமெடுத்து, ஒவ்வொரு துண்டுக்கும் எண் போட்டு, பூட்டிய அறையில் வையுங்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. கதவைக் காய்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காமல், நனைத்துச் சுரண்டச் சொல்லுங்கள்.

கடைசியில் திண்ணை. எண்பதுகளில் திருட்டுப் பயத்தில் தாழ்வாரத்தை இரும்புக் கிராதி போட்டு அடைத்திருந்தோம். தெருவில் பலரும் அப்படித்தான். அதை எடுக்கலாமா என்று கேட்டபோது அத்தை இரண்டு நாள் பதில் சொல்லவில்லை. மூன்றாம் நாள் காலை, "எடுத்துரு, எனக்கும் ஜெயில்ல இருக்கிற மாதிரிதான் இருக்கு" என்றார். கிராதியில் இருந்த அழிக்கதவை, அந்தக் கம்பிக் கதவை, உள்வாசலுக்கு மாற்றினோம், பயமும் போனது. கிராதி இருந்த இடத்தில் தூண்களின் அடி இற்றிருந்தது. கீழே ஒரு முழத்தை அறுத்துக் கருங்கல் அடி கொடுத்து நிறுத்தினோம். இப்போது மத்தியானம் பூக்கார அம்மா கூடையோடு வந்து உட்காருகிறார். அத்தையும் அவரும் பேசுவது சமையற்கட்டு வரை கேட்கிறது.

போன மார்கழியில் கூடத்துச் சுவரில் சாக்பீஸ் எடுத்துக் காத்திருந்தேன். கோடு போட ஈரம் வரவில்லை. தரையோரம் மட்டும் லேசாக ஒரு நிழல், தை பிறந்ததும் அதுவும் காய்ந்துவிட்டது. பக்கத்து வீட்டு மருமகள் வந்து சுவரைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, "அக்கா, எங்க வீட்டிலும் உப்பு கொட்டுது, இந்த மேஸ்திரி நம்பர் கிடைக்குமா?" என்று கேட்டாள். நம்பரும் கொடுத்தேன், கொல்லையில் தண்ணீருக்கு அடியில் மிச்சம் இருந்த இரண்டு டிரம் சுண்ணாம்பையும் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். ஊற ஊற அது நன்றாகத்தான் இருக்கும், அவசரமில்லை. முதலில் இந்த மழைக்காலத்தைப் பார், சாக்பீஸ் என்னிடம் இருக்கிறது என்றேன்.